மூன்று நாற்பதுக்கு வரவேண்டிய அற்புதம்

பைண்டருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் கடை வாசலைத் தாண்டும்போது "மொட்டை பைண்டர்!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அவர் கையிலிருக்கும் பசைத் தூரிகையைக்கூடக் கீழே வைக்க மாட்டார். "நான் மட்டும் தீர்க்கதரிசியா இருந்திருந்தா இந்நேரம் இந்தத் தெருவுக்குக் கரடி வந்திருக்கும். பைண்டராப் போயிட்டேன், பொழச்சுப் போங்க" என்பார்.

முதல்முறை கேட்டபோது எனக்குப் புரியவில்லை. விளக்கினார்.

"எலிசான்னு ஒரு தீர்க்கதரிசி சார். அவரு பாட்டுக்கு மேட்டுல ஏறிப் போறாரு. பசங்க மொட்டைத் தலையான்னு கிண்டல் பண்றாங்க. இவரு திரும்பிப் பார்த்துச் சபிக்கிறாரு. காட்டுலேர்ந்து ரெண்டு கரடி வந்து நாப்பத்திரெண்டு பிள்ளைங்களப் பீறிப் போடுது. நாப்பத்திரெண்டுன்னு கணக்கா எழுதி வச்சிருக்கான். ஒருத்தன் அங்க நின்னு எண்ணியிருக்கான் பாருங்க, கரடியவிட அவன நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

நான் இரண்டு மொழிகளில் படித்தவன். இரண்டு மொழிப் பள்ளிக்கூடங்களிலும் இந்தக் கதைகளைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். இரண்டிலும் சிரித்தால் பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். பைண்டர் கடையில்தான் முதன்முதலாகத் தடையில்லாமல் சிரித்தேன்.

அவர் கடைக்கு மேல்மாடியில் நான் குடியிருந்தேன். அந்நிய ஊரில் வசிப்பவனுக்கு எந்தத் தாள் எந்த நாளில் காலாவதியாகும் என்ற கவலை தீராது. வாரத்தில் மூன்று நாளாவது எதையாவது நகலெடுக்கக் கீழே இறங்குவேன். நீண்ட ஒற்றை அறை. வாசலோரம் நகல் இயந்திரம், நடுவில் கட்டிங் மிஷின், சுவரோரம் அழுத்துக் கட்டைகள், உள்ளே தள்ளி ஒரு பெரிய மேஜை. மாணவர்களின் ஆய்வேடுகள், அலுவலகப் பதிவேடுகள், பாடப்புத்தகங்கள் என்று வேலை ஓய்ந்ததே இல்லை. வேதப்புத்தகம் மட்டும் மாதத்துக்குப் பத்தாவது வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று முதுகு விட்டுப்போயிருக்குமே.

பைண்டர் வேதம் கற்றது அப்படித்தான். முதுகில் பூசிய பசை காய இருபது நிமிஷமாகும். அந்த இருபது நிமிஷத்தில் எதிரே விரிந்து கிடப்பதைப் படிப்பார். முப்பத்தோரு வருஷமாக, முன்னும் பின்னுமாக, துண்டு துண்டாகப் படித்ததில் முழுப் புத்தகமும் பலமுறை முடிந்திருந்தது. படிக்கப் படிக்க நம்பிக்கை போனதுதான் மிச்சம். இருபத்திரண்டு வயதில் ஒரு விஷக்காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டியபோது, ஜெபக்கூட்டத்தில் ஒருவர், அறுப்புக்காலத்துக்குள் முடி வளரும் என்று தரிசனம் சொல்லியிருந்தாராம். "இருபத்தெட்டு வருஷமா வந்துக்கிட்டே இருக்கு" என்று தலையைத் தடவிக்கொள்வார்.

பேசும் கழுதையின் மேல் அவருக்குத் தனி மரியாதை. "பிலேயாம் பெரிய தீர்க்கதரிசி. வழியில தூதன் வாளோட நிக்கறான். மூணு தடவை கழுதைக்குத் தெரியுது, மேல உக்காந்திருக்கிற மேதாவிக்குத் தெரியல. அத்தன பக்கத்துலயும் கண்ணால பார்த்ததச் சொன்ன ஒரே ஆளு அந்தக் கழுதைதான் சார். அதுவும் அடி வாங்கின பிறகு. அது வாயத் திறந்து பேசுது, இவன் தூக்கிவாரிப் போட்டு ஓடணுமா இல்லையா? உக்காந்து பதில் சொல்லிட்டிருக்கான்!"

புத்தகத்தின் ஓரத்தைப் பார்த்தே அதன் சொந்தக்காரரைச் சொல்லிவிடுவார். ஆறுதல் பாட்டுகளின் ஓரம் மட்டும் கறுத்திருந்தால் வீட்டில் நோயாளி. வம்ச அட்டவணைப் பக்கங்களில் பென்சில் கோடு இருந்தால் பிள்ளைக்குப் பெயர் தேடியிருக்கிறார்கள். விலையுயர்ந்த, பக்க ஓரத்தில் பொன்முலாம் பூசிய புத்தகமானால் இன்னும் எளிது. புதிதில் அந்தப் பொன் ஒரு பக்கத்தை அடுத்த பக்கத்தோடு லேசாக ஒட்டி வைத்திருக்கும். முதல்முறை பிரிக்கும்போது மெல்லிய 'சிர்'ரென்ற சத்தத்தோடு விட்டு, மினுமினுப்பாகத் தூள் உதிரும். ஒருமுறை பிரித்தால் முடிந்தது, பிறகு ஒட்டாது.

இதை எனக்குச் சொல்லித் தந்தது பைண்டர் இல்லை, அவருடைய அக்கா. இரண்டு வாசல் தள்ளி வீடு. கடையில் தாள் மடித்து, பக்கம் அடுக்குவது இருபத்தாறு வருஷமாக அக்காதான். கட்டைவிரலை ஓரத்தில் ஒருமுறை ஓட்டினால் நானூறு பக்கத்தில் ஒரு பக்கம் குறைவதைச் சொல்லிவிடுவார். தம்பிக்கு எவ்வளவு அவநம்பிக்கையோ அக்காவுக்கு அவ்வளவு பக்தி. இருவரும் ஒரே மேஜையின் இரு பக்கம் உட்கார்ந்து நாள் முழுவதும் சண்டை போட்டபடி வேலை செய்வார்கள்.

"வாய் அழுகிப் போயிடும்டா உனக்கு."

"அழுகட்டும். எட்டுப் பேரு, அத்தன மிருகம், ஒத்த ஜன்னல். பிரளயத்துல மிதந்த அந்தக் கப்பல்ல சாணி அள்ளினது யாருக்கா? அத மட்டும் சொல்லு, நான் முழங்கால் போடறேன்."

"நீதான் அள்ளியிருப்ப. அதான் வயித்தெரிச்சல்ல பேசற."

இந்தச் சண்டைக்குள் மூன்றாவதாக ஒருவர் நுழைந்ததுதான் வினை. அக்கா போகும் ஜெபக்கூட்டத்தின் தலைவர். எல்லாரும் அவரை ஐயா என்பார்கள். பைண்டர் மட்டும் தேதி ஐயா என்பார். ஓய்வு பெறும்வரை பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டவர். அவர் போட்ட காலத்தில் ஒரு பஸ்ஸும் நேரத்துக்கு வந்ததில்லை என்று ஊரே சொல்லும். ஓய்வுக்குப் பிறகு உலக முடிவுக்கு அட்டவணை போட ஆரம்பித்தார்.

கூட்டத்தினர் வேதத்தைத் தாங்களாகப் படிப்பதில்லை. ஐயா மாதாமாதம் அச்சடித்துத் தரும் வாசிப்பு அட்டையில் எந்தக் கிழமை, எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம்முதல் எதுவரை என்று இருக்கும். அதைத் தாண்டி ஒரு வரி படிக்க மாட்டார்கள். அக்கா, பக்கம் அடுக்குவதையே தொழிலாகக் கொண்டவர், அவரும் அப்படித்தான். "இவரு பஸ் நிக்கிற ஸ்டாப்புல மட்டும் இறங்குறீங்க. நடுவுல எத்தன ஊர் இருக்குன்னு எட்டிக்கூடப் பார்க்க மாட்டீங்களா?" என்று பைண்டர் கத்துவார். அட்டையில் கரடி கிடையாது, கழுதை கிடையாது.

ஐயாவின் பெரிய கணக்கு வேதத்தில் தானியேல் என்ற பகுதியிலிருந்து வந்தது. அன்றாடப் பலி நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு நாள் என்று அங்கே ஒரு எண் இருக்கிறது. பலி எங்கே, எப்போது நின்றது? அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த கூடத்துக்கு அவசர வழி இல்லையென்று தீயணைப்பு இலாகா பூட்டுப் போட்டதே, அந்தப் புதன்கிழமைதான் என்று ஐயா கண்டுபிடித்தார். பாபிலோன் ராஜாக்கள் காலத்துத் தரிசனம், எங்கள் தெருவின் தீயணைப்பு அதிகாரியை மனதில் வைத்துக் காத்திருந்ததாம். அங்கிருந்து நாள் எண்ணி, ஒரு வியாழக்கிழமையில் வந்து நின்றார். அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, நம்புகிறவர்களின் நோயெல்லாம் நீங்கும். ஆமாம், மூன்று நாற்பது. பழைய தொழில் எங்கே போகும்?

கூடம் பூட்டிய பிறகு கூட்டம் அக்கா வீட்டு முன்னறையில்தான் நடந்துவந்தது.

அந்த வியாழனுக்கு மூன்று வாரம் முன்பு அக்காவின் வலது காலில் செருப்பு கடித்தது. சர்க்கரை நோயாளி. சின்னக் கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்தது. அந்த வாரத் திங்கட்கிழமை பைண்டர் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர், சுண்டுவிரல் போய்விட்டது, நாளைக்கே வந்து எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் பாதத்துக்கு உத்தரவாதமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "வியாழக்கிழமை போகட்டும்."

"அக்கா, டாக்டர் நாளைக்குன்னாரு."

"ஆசா ராஜாவுக்கும் கால்லதான் வியாதி. கர்த்தரத் தேடாம வைத்தியருங்களத் தேடினான், செத்தான். ஐயா தெளிவாச் சொல்லியிருக்காரு."

"அவனுக்கு வயசாச்சு, செத்தான். எசேக்கியா ராஜாவுக்குக் கட்டி வந்தப்ப ஏசாயா என்ன செஞ்சாரு தெரியுமா? நீ செத்துப்போவன்னு முதல்ல சொன்னாரு. முற்றம் தாண்டறதுக்குள்ள திரும்பி வந்து, இல்ல, பதினஞ்சு வருஷம் இருப்பன்னு மாத்திச் சொன்னாரு. சொல்லிட்டுச் சும்மா போகல. அத்திப்பழத்த அடையா வச்சுக் கட்டுங்கன்னாரு. தீர்க்கதரிசியே பத்துப் போட்டிருக்காரு, உனக்கென்ன?"

"அப்படி ஒண்ணும் கிடையாது. இருந்தா அட்டையில வந்திருக்கும்."

பைண்டர் அத்தானைப் பார்த்தார். அக்காவின் கணவர் முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவர். பின்சீட்டில் நடக்கும் சண்டையில் தலையிடாமல் இருந்தே பழக்கப்பட்டவர். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

வியாழக்கிழமை நானும் போனேன். முன்னறையில் இருபது பேர். அக்கா கட்டிலில், காலின் மேல் வெள்ளைத் துணி. துணியைத் தாண்டி வாடை வந்தது. தேதி ஐயா இஸ்திரி போட்ட சட்டையில், கையில் அட்டையோடு நின்றார். நிலைப்படியில் பைண்டர், பசைக்கறை படிந்த மேலங்கியோடு.

"தம்பி, என் புத்தகம் தயாரா?" என்றார் ஐயா. முதுகு மாற்றி, அட்டையில் பெயரைத் தங்க எழுத்தில் பொறிக்க முந்தின சனிக்கிழமை கடையில் கொடுத்திருந்தார். "இன்னைக்குக் கையில இருக்கணும்னு சொல்லியிருந்தேனே. பத்தொன்பது வருஷமா அதே ஒரு புத்தகம். வேற எதையும் நான் தொட்டது கிடையாது. முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் ஏழு தடவை முடிச்சிருக்கேன்."

"காயுது ஐயா" என்றார் பைண்டர்.

மூன்று நாற்பது ஆனது. எல்லாரும் துணியைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக, "இந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்" என்றார். அத்தான் தலையாட்டினார். ஆக, அற்புதத்துக்கு ஏழு நிமிஷம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. மறுபடி பாடினார்கள். உண்மையான மூன்று நாற்பதும் வந்து, போயே போனது. அக்கா துணியைத் தானே விலக்கினார். சுண்டுவிரல் கரித்துண்டாக இருந்தது. பக்கத்து விரலும் நிறம் மாறியிருந்தது. திங்கட்கிழமை அந்த விரல் நன்றாகத்தான் இருந்தது.

ஐயா அட்டையைத் திருப்பினார்.

"அவசரப்படக்கூடாது சகோதரி. அதே இடத்துல அடுத்த வசனம். காத்திருந்து ஆயிரத்து முந்நூத்தி முப்பத்தஞ்சு நாள் மட்டும் சேருகிறவன் பாக்கியவான். இன்னும் நாப்பத்தஞ்சு நாள்தான்."

அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பஸ் ரத்தாகவில்லை, தாமதம் மட்டும்தான்.

"கொஞ்சம் டீ இருக்குமா?" என்றார் ஐயா.

"யோனா தீர்க்கதரிசியாவது, சொன்னபடி ஊர் அழியலையேன்னு வெக்கப்பட்டு வெளிய போய் உக்காந்து செத்துடறேன்னான்" என்றார் பைண்டர் உரக்க. "இந்த ஆளு டீ கேக்கறாரு."

"வாய மூடுடா" என்றார் அக்கா. ஆனால் குரலில் பலமில்லை. "நாப்பத்தஞ்சு நாள்தானே. காத்திருக்கேன்."

நாற்பத்தைந்து நாளில் பாதம் இருக்காது, ஒருவேளை அக்காவே இருக்க மாட்டார் என்பது அந்த அறையில் மூக்கு இருந்த எல்லாருக்கும் தெரியும். பைண்டர் வெளியேறினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் ஐயாவின் புத்தகத்தோடு திரும்பி வந்தார். புது ரெக்சின் அட்டை, தங்க எழுத்தில் பெயர், ஓரமெல்லாம் அதே பழைய பொன். ஐயா கை நீட்டினார். பைண்டர் அவரைத் தாண்டிப் போய் அக்காவின் மடியில் அதை வைத்தார்.

"எசேக்கியா ராஜா பக்கத்த எடு. நான் தொட மாட்டேன். நீயே எடு."

"ஏன், என் புத்தகத்த ஏன்…" என்று ஐயா ஆரம்பித்தார்.

அக்கா எடுத்தார். பக்கம் பிரியும்போது 'சிர்'.

இருபது பேரில் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அக்காவின் கை நின்றது. படுக்கை விரிப்பில் மஞ்சளாக நாலைந்து துகள் விழுந்திருந்தன. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, நெட்டுக்குத்தலாக நிறுத்தி, கட்டைவிரலை ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓட்டினார். கடையில் ஆயிரம் முறை செய்த அதே ஓட்டம். தானியேல் இருக்கும் இடத்தில் விரல் தானாக உள்ளே போனது. கடைசியில், உலக முடிவு இருக்கும் இடத்தில் மறுபடி போனது. இங்கொன்றும் அங்கொன்றுமாக அட்டையில் வந்த பக்கங்கள். மற்றதெல்லாம் ஒரே கட்டையாக இருந்தது.

"எசேக்கியா கிடக்கட்டும்" என்றார் அக்கா. "நான் ஆசா ராஜா பக்கத்தப் பார்க்கறேன்."

ஆசா ராஜா கதை இருக்கும் நாளாகமத்தைத் தேடிப் பிடித்தார். சிர். இன்னொரு பக்கம். சிர். பொன்தூள் வெள்ளைத் துணியின் மேலும் உதிர்ந்தது.

"ஐயா, இதுவும் ஒட்டிக்கிட்டிருக்கு."

"எனக்கு அதெல்லாம் மனப்பாடம் சகோதரி."

"பிரிக்காத பக்கத்த எப்படி ஐயா மனப்பாடம் பண்ணீங்க?"

"அது… அந்தக் காலத்துல ஒரு பெரியவர் பிரசங்கத்துல கேட்டது."

"ஏழு தடவன்னீங்களே."

ஐயா தண்ணீர் கேட்டார். டீயைப் பற்றி மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த இடத்தைத் தானே படித்தார், ஒரு சொல்லுக்கு ஒரு விரல் வைத்து. பிறகு நிமிர்ந்தார். "முப்பத்தொன்பதாவது வருஷம் கால்ல வியாதி வந்திருக்கு. நாப்பத்தோராவது வருஷம் செத்திருக்கான். ரெண்டு வருஷம் உயிரோட இருந்திருக்கானே, அந்த வைத்தியருங்க கையில! வைத்தியத்தால செத்தான்னு இங்க ஒரு எழுத்து கிடையாது." தம்பியைப் பார்த்தார். "இந்தக் காலோட நான் நாப்பத்தஞ்சு நாள் தாங்குவனாடா?"

அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அந்த வீட்டில் அவர் குரலை நான் கேட்டது அன்றுதான்.

"பை திங்கட்கிழமையே டிக்கியில இருக்கு. துணி, மருந்துச் சீட்டு எல்லாம். வா."

மறுநாள் காலையில் அறுவை நடந்தது. சுண்டுவிரலோடு அடுத்த விரலும் போனது. பாதம் தப்பியது. ஆஸ்பத்திரி நடையில் பைண்டர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் புத்தகத்தோட ஓரத்த நான் செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டேன் சார்" என்றார். "அன்னைக்கே கொண்டுபோய் மடியில வச்சிருக்கலாம். மூணு நாப்பதுக்கு அந்த ஆளு மூக்கு உடையறத ஊரே பார்க்கணும்னு இருந்துட்டேன். நானும் ஒரு தேதி வச்சுக் காத்துட்டிருந்திருக்கேன், பாருங்க." மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வாரம் எந்தத் தீர்க்கதரிசியையும் அவர் வையவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்ததும் வாசிப்பு அட்டையைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, ஆடும் மேஜைக்காலுக்குக் கீழே வைத்தார். தன் சொந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பக்தி போய்விடவில்லை. ஆனால் தினமும் ஒரு புகார் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கடைக்கு ஆள் அனுப்பித் தம்பியை வரவழைத்தார்.

"ஏண்டா, நாப்பத்திரெண்டு பிள்ளைங்களா?"

"நான் சொன்னப்ப வாய் அழுகும்ன."

"நீ கிண்டலாச் சொன்ன. நான் சீரியஸாக் கேக்கறேன். அந்த மொட்டையன் என் கையில கிடைக்கணும்."

ஆயிரத்து முந்நூற்று முப்பத்தைந்தாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் இப்போது வேறொருவர் வீட்டில். தேதி ஐயா அந்த வியாழனன்று விட்டுவிட்டுப் போன தன் புத்தகத்தை வாங்கிப் போக அன்றுதான் துணிச்சல் வந்து, இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். நான் குடியிருப்பு அனுமதித் தாளின் நகலை ஆறாவது தடவையாகச் சரிபார்த்தபடி கடை வாசலில் நின்றிருந்தேன். அதே நேரத்தில் அக்கா, முன்பக்கம் வெட்டித் திறந்த செருப்போடு, தடியில்லாமல், முதன்முறையாக வீட்டிலிருந்து கடைவரை தனியாக நடந்து வந்தார்.

ஐயா நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் தூக்கினார்.

"பார்த்தீங்களா! ஆயிரத்து முந்நூத்தி முப்பத்தஞ்சாம் நாள்! நடக்கறாங்க! நான் சொன்ன அதே நாள்!"

துணைக்கு வந்த இருவரும் பரவசமாகத் தலையாட்டினார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

பைண்டர் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நிதானமாக நடந்துபோய் ஐயாவின் முன்னால் நின்று, வலது காலை ஒரு அடி முன்னே வைத்தார்.

"எழுதறதுன்னா முழுசா எழுதுங்க தம்பி" என்றார் குறிப்புப் புத்தகக்காரரிடம். "மூணு விரல்ல நடக்கறா. ஒண்ண சர்க்கரை எடுத்தது, இன்னொண்ண ஐயாவோட வியாழக்கிழமை எடுத்தது. எண்ணிப் பார்த்து எழுதுங்க. நாப்பத்திரெண்ட எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு இது என்ன கஷ்டம்?"

பிறகு கடைக்குள் போய், மேஜையில் தன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுக்காமல் கிடந்த ஆய்வேட்டை இழுத்து, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

"டேய், இதுல ஒரு பக்கம் குறையுது."